தொல் ஸ்லாவிய ‘மெத்வேதி’: கரடிப் பெயரின் தோற்றமும் வளர்ச்சியும்

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் கரடியைக் குறித்த தொன்மையான சொல் கிரேக்கத்தில் ‘அர்க்தோஸ்’, இலத்தீனில் ‘உர்சுஸ்’, வடமொழியில் ‘ருக்ஷ’ எனப் பயில்கின்றது. ஸ்லாவிய மொழிகளிலோ அது வழக்கொழிந்தது. அதனிடத்தைப் பெற்றது, ஒப்பியல் முறையால் மீட்டுருவாக்கப்பெற்ற ‘மெத்வேதி’ என்னும் சொல். கொடுவிலங்கின் இயற்பெயரைச் சொல்ல அஞ்சியோர் அதனைக் காரணப்பெயரால் சுட்டினர் என்னும் விளக்கத்தைப் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1906இல் முன்வைத்தார்.

இச்சொல்லுக்குத் ‘தேனை அறிவது’ எனப் பொருள் கூறுவது ஸ்லாவியரிடையே பரவலான வழக்கு. ‘வேத்’ என்பது அம்மொழிகளில் அறிதற்பொருள் தரும் வேர். ஆயின், இங்குள்ள வகரம் இரண்டாம் உறுப்பிற்கு உரியதன்று. தேனைக் குறிக்கும் ‘மெது’ என்னும் உகர ஈற்றுப் பெயர், உண்ணுதலைக் குறிக்கும் ‘ஏத்’ என்னும் வேரொடு புணர்கையில் அவ்வுகரமே வகரமாயிற்று. எனவே, ‘தேனுண்ணி’ என்பதே பொருள். இனமொத்த ‘மது’, ‘அத்’ என்னும் உறுப்புகள் அவ்வாறே புணர்ந்த ‘மத்வத்’ என்னும் சொல் ரிக்வேதத்தில் பறவைகளுக்கு அடையாக வருதல் இதற்குத் துணைச்சான்று. தமிழில் வழங்கும் ‘மது’ இவ்வடசொல்லே.

ரஷ்ய மொழி ‘மெத்வேத்’ எனப் பழவடிவைப் பெரிதும் காத்தது. போலிஷ் மொழியில் முதல் மகரம் நகரமாகத் திரிந்தது. உக்ரைனியத்தில் ஒலிகள் இடம்மாறி ‘வெத்மித்’ ஆயிற்று. இவ்விரு மொழிகளிலும் தேன் என்னும் உறுப்பின் வடிவு சிதைந்தது. காரணப்பெயராய்த் தோன்றியது இடுகுறிபோல் நிலைபெற்றது.