அம்பாந்தோட்டையில் இறங்கி ஏறும் கார்கள்

சம்மாந்துறையில் அறுவடை முடிந்ததும் வயல் வட்டைகளிலிருந்து நெல் மூட்டைகள் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆலைக்கு வந்து சேரும். கொழும்பு செல்லும் லொறி ஒவ்வொரு வட்டைக்கும் போவதில்லை. பத்து மூட்டைக்காக அது வயலோரம் காத்து நின்றால், ஏற்றுகூலியே நெல்லின் இலாபத்தை விழுங்கிவிடும். கடல் வழியாக நடைபெறும் மோட்டார்க் கார் வாணிகத்திற்கும் இக்கணக்கே அடிப்படையாகும்.

கார்களை ஏற்றுவதற்கென்றே அமைந்த கப்பல், சாளரமற்ற பெருமாளிகை போலத் தோன்றும். அதனுள்ளே பன்னிரண்டு தட்டுகளோ அதற்கு மேலோ இருப்பதுண்டு. பெரிய கப்பலொன்றில் 6,000 முதல் 8,000 வரையான கார்கள் அடங்கும். அவற்றை ஏற்றப் பாரந்தூக்கி வேண்டுவதில்லை. சாரதிகள் சாய்தளத்தின் வழியே கார்களை உள்ளே ஓட்டிச் சென்று, சாண் கணக்கான இடைவெளியே விட்டு நிறுத்துவர். பின்னர் அவை தளத்தோடு பட்டிகளாற் பிணைக்கப்படும்.

கார் தன் பருமனை நோக்கப் பாரங் குறைந்தது. இடத்தையே மிகுதியாக அடைப்பது. ஆகவே இத்தகைய கப்பலின் கொள்ளளவைத் தொன்னில் அன்றிக் கார்களின் எண்ணிக்கையிற் கூறுவர். 1966ஆம் ஆண்டுத் தொயோட்டா கொறோனாக் காரின் அளவே அதற்குரிய அலகாக அமைந்தது. கப்பலில் வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வோர் இடமும் நட்டம்; துறைமுகத்திற் காத்து நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு.

சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் ஹியுண்டாய் முதலிய கார்கள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. ஒரு நாட்டிற்குரியவை சில நூறாயிருப்பின், அவற்றிற்காகப் பெருங்கப்பலொன்று வழிவிலகிச் சென்னைக்கு வருவது கட்டுபடியாகாது. 2010இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகமோ கிழக்கு மேற்குக் கப்பற்பாதைக்கு ஏறத்தாழ 10 கடல்மைல் தொலைவிலேயே உள்ளது. எனவே, 2012 முதல் அக்கார்கள் அங்கே இறக்கப்பட்டு, அவ்வந்நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களில் மீண்டும் ஏற்றப்படலாயின.

இதனால் இலங்கை பெறுவது யாது? காரின் விலையில் ஒரு சதமும் இங்கே தங்குவதில்லை. துறைமுகக் கட்டணமும், ஏற்றியிறக்கும் கூலியும், சாரதிகளின் சம்பளமுமே தங்குவன. 2017இல் துறைமுகம் சீன, இலங்கைக் கூட்டு நிறுவனங்களிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டமையால், அவ்வருவாயும் பங்கிடப்படுகின்றது.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைப் பேணும் பொருட்டு, வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுக் காலத்திலும் பிறநாட்டுக் கார்கள் அம்பாந்தோட்டையில் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன. இது முரணன்று. இறக்குமதியாகும் காருக்கு டொலர் வெளியே செல்லும். மாற்றியேற்றப்படும் காரினாலோ டொலர் உள்ளே வரும்.

ஆலை முற்றத்திற் குவியும் நெல் ஆலைக்காரருக்குரியதன்று, குற்றுகூலியே அவருக்குரியது. முற்றம் வெறுமையாகாதவரை அக்கூலியும் ஒரு செல்வமே. ஆயினும், நெல்லின் விலை விளைவித்தவரையே சேரும். அம்பாந்தோட்டைக் கார்கள் இந்நாட்டிற்குக் கற்பிக்கும் பாடமும் அதுவே.