கத்தரி பட்டால் காய்க்கும் கொடி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் பழம் தரும் பள்ளத்தாக்கு என்ற பெருமைக்கு எல்லோரும் மண்ணைத்தான் காரணம் சொல்கிறார்கள். திருத்தணி மாதிரி ஊரில் மாடியில் கொடி ஏற்றி, இலையைத் தவிர ஒன்றும் காணாதவர்களும் "நம்ம மண்ணுக்கு வராது" என்று அதன்மேலேயே பழியைப் போடுகிறார்கள். மண்ணுக்கு இவ்வளவு புகழும் வேண்டாம், இவ்வளவு பழியும் வேண்டாம். கம்பத்தில் காய்க்க வைப்பது முதலில் கவாத்துக் கத்தரி.

இங்கிலாந்திலோ பிரான்சிலோ கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே மகசூல். இங்கே உறங்கவைக்கக் குளிர் இல்லை. கொடி நீண்டுகொண்டே போகும், வளரும் நுனி கீழ்க் கண்களை, அதாவது துளிர்மொட்டுகளை, விழிக்க விடாது. பன்னீரில் முற்றித் தடித்த கிளையாகப் பார்த்து நான்கைந்து கண் விட்டு வெட்டியதும் கண்கள் வெடிக்கின்றன, சுமார் நான்கு மாதத்தில் பழம். ஆனால் வெடித்த கண்ணில் கொத்து வருமா என்பது வெட்டிய அன்று முடிவாவதில்லை. அது இட்லி மாவு சங்கதி: முந்தின இரவே புளித்திருக்க வேண்டும், காலையில் அடுப்பைக் கூட்டிப் பயனில்லை. மாவுக்கு வெதுவெதுப்பு, கண்ணுக்கு வெயில். பொங்காத மாவு கல்லாகிறது, நிழலில் கிடந்த கண் சுருளாகிறது. ஏனென்றால் பூங்கொத்தும் பற்றுக்கம்பி என்னும் சுருளும் கண்ணுக்குள் ஒரே திசுவாகத்தான் தொடங்குகின்றன. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் ஓங்கினால் அது கிளைத்துக் கிளைத்துக் கொத்தாகும். ஜிப்ரலின் என்ற ஹார்மோன் ஓங்கினால் பந்தலைப் பிடிக்கும் சுருளாகும். பந்தலில் கூர்ந்து பார்த்தால், நுனியில் இரண்டு மூன்று காய் தாங்கிய பற்றுக்கம்பிகூடக் கண்ணில் படும்: பாதி வழியில் முடிவை மாற்றிக்கொண்ட உறுப்பு! 2002இல் 'நேச்சர்' இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் பாஸும் மார்க் தாமஸும் ஒரு குட்டைத் திராட்சைக் கொடியைப் பற்றி எழுதினார்கள். ஒரு மரபணு மாற்றத்தால் அது ஜிப்ரலினுக்கு மசியாது. சுருள் வரவேண்டிய இடங்களில் அதற்குப் பூங்கொத்து வந்தது.

இந்தத் திராட்சை கம்பத்து மண்ணில் பிறந்ததும் அல்ல. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கொண்டுவந்தார் என்பது வழக்கமான கதை. ஆனால் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். 1850 வாக்கில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், கண்ணாடி வீட்டில் ஒரு தோட்டக்காரர் ஒட்டுச்சேர்த்த ரகம். பாதிரியார் வேறு திராட்சை கொண்டுவந்திருக்கலாம். இந்த ரகத்துக்கு ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை.

மண் இல்லை, கவாத்துதான் காரணம் என்றால், கத்தரி இருந்தால் எந்த ஊரும் கம்பமாகிவிடுமா? ஆகாது. வெட்டுகிற மாதம் மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும். திருத்தணியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வெட்டி, நனைந்த இளம் இலையில் அடிச்சாம்பல் நோய் ஏறினால் சர்க்கரை சேர்க்க இலையே மிஞ்சாது. மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வெட்டுவதே சரி. மருந்து பூசினால் போதாதா என்பார்கள். அதற்கென்று பூசும் ஹைட்ரஜன் சயனமைடு கண்ணை விழிக்கத்தான் வைக்கும், உள்ளே இல்லாத கொத்தை உண்டாக்காது. பூவுக்கென்று விற்கும் டானிக் எதை வாங்கும்போதும் இதை நினைவில் வைக்கலாம். பல வருடம் வெட்டாமல் புதராகிப்போன மாடிக் கொடியில் முதல் கவாத்துக்கு இலை மட்டுமே வரலாம், அந்தக் கண்கள் நிழலில் உருவானவை. புதுத் தளிர்களைக் கலைத்து, ஒவ்வொரு கிளைக்கும் வெயில் படுகிறபடி பந்தலில் பரப்பிக் கட்டினால், அடுத்த கவாத்துக்குள் கொத்து வைத்த கண்கள் தயாராகியிருக்கும்.