ஒரு பழத்துக்கு ஏன் இத்தனை சோதனை?

வெளிநாட்டிலிருந்து மாமல்லபுரத்தைப் பார்க்க வருபவரின் பையில் ஒரு கொய்யாப்பழம் இருந்தாலும் சென்னை விமான நிலையத்தில் தடுக்கலாம். ஏன்?

பழத்தோடு வெளிநாட்டுப் பூச்சியும் வந்துவிடலாம். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பகுதியின் பூச்சி அது. அங்கே அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு, இங்கே இல்லை. இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. பப்பாளியோடு மல்பெரியும் மரவள்ளியும் வாடின. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வயலில் விட்டார்கள். பூச்சி அடங்கியது.

எப்படித் தடுக்கிறார்கள்? 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதை, கன்று, பழம் இறக்குமதிக்கு முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் பொதுவாகத் தேவை. நம் ஏற்றுமதிக்கும் அந்தச் சான்றிதழைப் பிற நாடுகள் கேட்கின்றன. சரக்கு வரும் மரப்பெட்டியைக்கூட, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது உலக நடைமுறை.

அனுமதியில்லாமல் வெளிநாட்டு விதையோ கன்றோ கொண்டுவராதீர்கள். நம் தோட்டங்களுக்கு அதுவே காவல்.