மனிதர் நுழைய முடியாத அறையில் ஒரு போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் அமிலக் கரைசல், அணுக்கழிவுகளிலேயே மிகக் கடுமையானது. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை அதில் செறிந்திருக்கும். அதைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் ஊற்றி உறையவைக்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன. நிரம்பிய கலனின் அருகே கவசமின்றிச் சில நிமிடங்கள் நின்றாலே உயிர் போகலாம் என்பதால், வேலை முழுவதும் ஒரு மீட்டருக்கு மேல் தடித்த கான்கிரீட் சுவருக்குள், 'ஹாட் செல்' எனப்படும் அறைகளில் நடக்கிறது.

இந்த அறைகளில் பலரும் அறிந்த கருவி, சுவரை ஊடுருவி நிற்கும் மேனிபுலேட்டர். இயக்குபவர் ஈயம் கலந்த கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தபடி வெளியே கைப்பிடியை அசைக்க, உள்ளே உள்ள இடுக்கி அதே அசைவைச் செய்யும். அமெரிக்காவின் அர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கெர்ட்ஸ் 1940களின் இறுதியில் இதை உருவாக்கினார். உள்ளிருக்கும் பொருளின் எதிர்ப்பு இயக்குபவரின் கைக்குத் தெரியும் என்பதே இதன் பெருமை. நுணுக்கமான வேலைகளுக்கு இன்றும் இதற்கு ஈடு குறைவு.

ஆனால் கனமான வேலைக்கு இந்தக் கை போதாது. குழாய் அடைத்துக்கொண்டால், மோட்டார் நின்றுபோனால், உள்ளே போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது. உண்மையான பொறியியல் சவால் இயக்குவதில் இல்லை, பழுதுபார்ப்பதில்தான் இருக்கிறது. 1944-இல் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் கட்டப்பட்ட புளூட்டோனியம் பிரிப்பு ஆலையே இதற்கு விடை கண்டது. கிரேன் இயக்குபவர் கவசத்துக்குப் பின்னால் அமர்ந்து பெரிஸ்கோப் வழியே பார்த்து வேலை செய்தார். இரு கருவிகளை இணைக்கும் குழாய்த் துண்டு ஒவ்வொன்றும் தனியே கழற்றக்கூடியது. அதன் முனையில் உள்ள மூன்று தாடைகளும் ஒரே போல்ட்டைத் திருகினால் இறுகும். கிரேனில் தொங்கும் திருகியே அதைத் திருகிவிடும். தூக்கும்போது குழாய் சாயாமலிருக்க அதன் எடை மையம் கொக்கிக்கு நேர் கீழே அமைய வேண்டும். அளவு சற்றே பிசகினாலும் அது பொருந்தாது. பொருத்தும் வசதியை வரைபடத்திலேயே யோசிக்காத ஆலை, முதல் பழுதிலேயே முடங்கிப்போகும்.

பொருள்களின் தேர்வும் இதே கவலையிலிருந்து பிறக்கிறது. கதிர்வீச்சில் டெஃப்லான் நொறுங்குகிறது, சாதாரணக் கண்ணாடி பழுப்பேறுகிறது, மின்னணுச் சில்லுகள் செயலிழக்கின்றன. எனவே சன்னல் கண்ணாடியில் சீரியம் சேர்க்கிறார்கள். முடிந்தவரை மின்னணுவியலைச் சுவருக்கு வெளியே வைக்கிறார்கள். பழுதே வராதபடி அமைப்பது இன்னொரு வழி. ஹான்ஃபோர்டின் புதிய கண்ணாடியாக்க ஆலையில் சில அறைகள் ஆயுள் முழுவதும் திறக்கப்படாதவையாக வடிவமைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள தொட்டிகளை அசையும் உறுப்பு ஏதுமின்றி அழுத்தக் காற்றாலேயே கலக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள்.

தென் கரோலினாவின் சவானா ரிவர் வளாகத்தில் 1996 முதல் இயங்கும் கண்ணாடியாக்க ஆலை, கழற்றி மாட்டும் வழியைத் தேர்ந்தது. சுமார் 65 டன் எடையுள்ள அதன் கண்ணாடி உருக்கும் உலை, தேய்ந்ததும் முழுதாக மாற்றப்பட வேண்டியது. முதல் உலை 2002-இல் நிறுத்தப்பட்டது. 2003-இல் இயங்கத் தொடங்கிய இரண்டாவது உலை 2017 வரை உழைத்தது. பின்னர் மூன்றாவது வந்தது. பழைய உலையின் இணைப்புகளைத் துண்டிப்பதும் புதியதை இருத்துவதும் தொலைவிலிருந்தே நடந்தன. அகற்றப்பட்ட உலையும் கதிரியக்கக் கழிவாதலால், அதற்கும் கவசப் பெட்டியும் சேமிப்பிடமும் தேவைப்பட்டன.