மருத்துவரின் மணிக்கட்டும் டாவின்சி இயந்திரமும்

வயிற்றை நீளக் கீறாமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்தி, கரியமில வாயுவால் வயிற்றறையை உப்ப வைத்து, திரையைப் பார்த்தபடி அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை நோயாளியின் வலியைப் பெரிதும் குறைத்தது. ஆனால், மருத்துவரின் கைத்திறனில் ஒரு பகுதியை அது பறித்துக்கொண்டது. துளையையே சுழல்மையமாகக் கொண்டு கருவி இயங்குவதால் கை வலப்புறம் சென்றால் நுனி இடப்புறம் செல்கிறது. நுனியில் மணிக்கட்டு போன்ற மூட்டு இல்லாததால், உள்ளே தையல் ஊசியைத் திருப்புவதற்கே நெடிய பயிற்சி தேவைப்படுகிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் அனுமதியளித்த டாவின்சி என்னும் ரோபோ இயந்திரம் இக்குறையை நீக்கவே முயன்றது. நோயாளியின் அருகே நிற்கும் இயந்திரக் கைகள் கேமராவையும் கருவிகளையும் பிடித்திருக்க, சற்றுத் தள்ளி அமர்ந்துள்ள மருத்துவர் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தவாறு விரல்களால் பிடிகளை இயக்குகிறார். அவர் கை அசையாவிட்டால் கருவியும் அசையாது. கையின் பெரிய அசைவைக் கணினி சிறிதாக்கி, இயல்பான நடுக்கத்தையும் வடிகட்டி, எல்லாத் திசைகளிலும் வளையும் கருவி நுனிக்கு அனுப்புகிறது.

இதன் அருமை புலப்படும் இடம் ஆண்களின் இடுப்புக்குழி. புற்றுநோய் கண்ட புரோஸ்டேட் சுரப்பியை அக்குறுகிய ஆழத்திலிருந்து அகற்றும்போது, அதன் இருபுறமும் ஒட்டிச் செல்லும், ஆண்குறி விறைப்புக்குக் காரணமான மெல்லிய நரம்புகளை இயன்றவரை காக்க வேண்டும். பின்னர் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிறுநீர்க் குழாயோடு கசிவின்றித் தைத்து இணைக்கவும் வேண்டும். கை நுழைய இடமில்லாத அவ்விடத்தில் வளையும் நுனியும் பெரிதாக்கிய காட்சியும் தரும் உதவி உண்மையிலேயே பெரிது.

எனினும், திசுவின் இறுக்கத்தையும் நூலின் இழுவிசையையும் விரலால் உணரும் வாய்ப்பை இம்முறை நெடுங்காலம் அளிக்கவில்லை. திசு வெளிறுவதையும் நூல் விறைப்பதையும் கண்ணால் கண்டே மருத்துவர்கள் விசையைக் கணிக்கப் பழகினர். 2024இல் வந்த டாவின்சி 5 தான் சில கருவிகளில் விசையுணர்வைச் சேர்த்தது.

துளை சிறியது என்பதாலேயே பலன் மேலானதாகிவிடாது என்பதும் இங்கு முக்கியம். தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அறுவையை ஒப்பிட்டு 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியும் சிறுபகுதி ரோபோவும் கொண்ட சிறுதுளை அறுவையிலோ 86 விழுக்காடு மட்டுமே. அதன்பின் அந்நோய்க்குப் பல மருத்துவர்கள் திறந்த அறுவைக்கே திரும்பினர்.