மலைப்புல்தான் எங்கள் தலைமதகு

நான் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து ஆள். எங்கள் நெல், மஞ்சள், கரும்பு எல்லாம் பவானித் தண்ணீரில் விளைபவை. கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் ஒருபுறம். 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்கால் மறுபுறம். பவானிசாகர் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான் டீக்கடையில் முதல் பேச்சு. அந்தத் தண்ணீர் அதற்கு முன் எங்கே தங்கியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அணைக்கு நீர் கொண்டுவரும் பவானியும் மோயாறும் நீலகிரியில் பிறக்கின்றன. அங்கே உச்சிச் சரிவுகளில் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு. சோலையின் மட்கிய சருகு மழைநீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்குகிறது. புல் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. தனக்கென்று கொஞ்ச நீரே எடுக்கிறது. இறங்கிய நீர் பள்ளத்துச் சதுப்புகளில் ஊறி, மழை ஓய்ந்த பிறகும் கசிந்து ஓடையாகிறது.

வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் நாமே அந்த நடவைப் பெருக்கினோம்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்பது பொது நம்பிக்கை. நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டது நேர் எதிர். புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். ஆழ வேர்விட்டு, கோடையிலும் அந்த மரம் நீரை உறிஞ்சுகிறது.

இது விவசாயிகள் கவலை மட்டுமல்ல. கோவைக்குப் பில்லூர் அணையிலிருந்து போகும் குடிநீரும், திருப்பூர் குழாய்களில் வரும் நீரில் ஒரு பகுதியும் இதே பவானிதான். வரையாடு மேய்வதும் இதே புல்லில்தான்.

புல்வெளியை மீட்பது ஒருநாள் வேலையல்ல. சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கும். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பாசனச் செலவாகவே நாங்கள் பார்க்கிறோம். மரக்கன்றோடு மலையேறும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கன்றுகளைச் சமவெளியில் நடுங்கள், மலையில் புல்லுக்கு இடம் விடுங்கள்.