வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்...' என்று இரைகிறதா? ஐ.சி-யை மாற்றும் முன் இந்த 4 சோதனைகளைச் செய்யுங்கள்!

ஒரு 4440 போர்டு, ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பழைய டி.வி-யிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர். இவ்வளவு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்துவிடலாம். ஆனால், சுவிட்சைப் போட்டதும் பலருக்கு முதலில் கேட்பது பாட்டு அல்ல. 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான். கடைக்காரர்கள் இதை 'ஹம்மிங்' என்பார்கள்.

உடனே ஐ.சி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக வாங்க ஓடாதீர்கள். ஹம்மிங்குக்குக் காரணம் பெரும்பாலும் ஐ.சி-யாக இருக்காது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 அல்லது அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ்தான் எங்கோ ஒரு வழியாக உள்ளே புகுந்து ஸ்பீக்கரில் கேட்கிறது. எந்த வழி என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1. வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள்

வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் அதே அளவில் சத்தம் வந்தால், குறை பவர் சப்ளையிலோ கிரவுண்ட் ஒயரிலோ இருக்கிறது. வால்யூமைக் கூட்டும்போது மட்டும் சத்தமும் கூடினால், பாட்டு உள்ளே வரும் இன்புட் பக்கம்தான் குற்றவாளி. வேலையில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடும்.

2. பேட்டரியில் ஓடவிடுங்கள்

4440 ஐ.சி 12 வோல்ட் பேட்டரியிலும் வேலை செய்யும். டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை முழுதாகக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்த ஒயர் மூலம் பேட்டரியில் இணையுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியென்றால் பவர் சப்ளையைப் பாருங்கள்.

ஃபில்டர் கன்டென்சர் சிறியதாக இருப்பதுதான் வழக்கமான காரணம். ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் இழுக்கும்போது, 1000 மைக்ரோஃபாரட் கன்டென்சரில் மின்னழுத்தம் கணக்குப்படி 10 வோல்ட் வரை ஏறி இறங்கும். 4700 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 2 வோல்ட்டாகக் குறைந்துவிடும். 25 வோல்ட் ரேட்டிங் உள்ளதை வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் கன்டென்சர் வெடிக்கலாம், கவனம்!

3. கிரவுண்டையும் இன்புட்டையும் பாருங்கள்

கிரவுண்ட் ஒயர்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலிபோல இழுத்திருந்தால், ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் இன்புட்டின் கிரவுண்ட் வழியாகவும் திரும்பும். அதையும் ஐ.சி பெருக்கிவிடும். எல்லா கிரவுண்ட் ஒயர்களையும் ஃபில்டர் கன்டென்சரின் மைனஸ் முனையருகே ஒரே புள்ளியில் சேருங்கள்.

இன்புட்டுக்குச் சாதாரண ஒயர் வேண்டாம், ஷீல்டு ஒயர் போடுங்கள். அதை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வால்யூம் கன்ட்ரோலின் குமிழைத் தொட்டதும் சத்தம் குறைகிறதா? அதன் உலோக உடலிலிருந்து கிரவுண்டுக்கு ஓர் ஒயர் பற்றவைத்தால் போதும்.

4. பாட்டு எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்பில் பாட்டு போடும்போது இரைந்தால், சார்ஜரை உருவிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப். லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு வழிகளில் எர்த்தைத் தொடுவதால் வருவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால், ஆடியோ ஒயரில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம்.

புளூடூத் மாட்யூல் போட்டதிலிருந்து 'கீ...' என்று மெல்லிய சத்தம் வருகிறதா? அது ஹம்மிங் அல்ல. மாட்யூலும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சப்ளையைப் பகிர்வதால் வருவது. மாட்யூலுக்குத் தனி சப்ளையோ, ஐசோலேட்டட் கன்வெர்ட்டரோ கொடுத்தால் போய்விடும்.

எர்த்தை மட்டும் வெட்டாதீர்கள்!

பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றினால் ஹம்மிங் நின்றுவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கிரவுண்ட் லூப்பாக இருந்தால் நிற்கவும் செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது பழுதாகி 230 வோல்ட் உலோகப் பெட்டிக்கு வந்தால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லையென்றால், பெட்டியைத் தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். பாட்டு கேட்க ஓடிவரும் குழந்தையாகவும் அது இருக்கலாம்.

போர்டில் எதைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கை உருவுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், கன்டென்சரில் தங்கிய சார்ஜ் இறங்கட்டும். மாணவர்கள் 230 வோல்ட் பக்க வேலையை, விவரம் தெரிந்த பெரியவரை உடன் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சத்தம் கூடியதா, குறைந்ததா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். நான்கையும் ஒரேயடியாக மாற்றினால், எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த ஆம்ப்ளிஃபயரிலும் அதே 'ம்ம்ம்' கேட்கும்!